எங்கிட்டு வெரட்ட?

இங்கிலீஷ்காரனுக்கு விரட்டுவதற்கு எத்தனை சொல் இருக்கிறது என்பது சுடலைக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரியவந்தது. அதையும் வனத்துறைதான் சொல்லிக்கொடுத்தது, கட்டன்சாயாவும் பருப்புவடையும் கொடுத்து. சூரியநெல்லிக்கு மேலே இருக்கிற எஸ்டேட் டிவிஷன்களில் தினக்கூலிக்கு ஆனைக் காவல் பார்க்கும் வாச்சர்களை எல்லாம் ஒரு ஹாலில் உட்காரவைத்து, பீட் ஆபீசர் ஜிஜி மேடம் போர்டில் ஒரு சொல்லை எழுதினாள். டிரைவ்.

சுடலை அந்தச் சொல்லைக் கேள்விப்படாதவன் இல்லை. அவன் மருமகன் அருண்பாண்டியே டிரைவர்தான், கொழுக்குமலைக்கு டூரிஸ்ட்டுகளை ஏற்றிக்கொண்டு போகிற ட்ரிப் ஜீப் ஓட்டுகிறான். ஆனையில் ஸ்டியரிங் எங்கே இருக்கிறது மேடம் என்று பின்வரிசையில் ஒருத்தன் கேட்டான். ஹாலே சிரித்தது. ஜிஜியும் சிரித்தாள். தொடுபுழைக்காரி, சின்ன வயசு, தமிழையும் மலையாளத்தையும் கலந்துகட்டிப் பேசுவாள், லேசில் கோபம் வராது.

"சேஸ்ன்னு ஒண்ணு உண்டு. ஸ்கேர்ன்னு ஒண்ணு உண்டு," என்றாள். "சேஸ்ன்னா பின்னாடியே ஓடுறது. ஸ்கேர்ன்னா பயம் காட்டுறது, அவ்வளவுதான். டிரைவ் அது ரெண்டும் இல்லா. எங்கருந்து போகணும், எங்கோட்டுப் போகணும், ரெண்டையும் நாம தீர்மானிக்கணும். போற வழியில ஆள் இல்லைன்னு ஒறப்பாக்கணும். அப்பறம் பின்னாடி நின்னு பையத் தள்ளிக்கிட்டுப் போகணும். வழி பார்க்காம ஓட்டுனா அது டிரைவ் இல்லா சேட்டன்மாரே. நம்ம தலைவேதனைய எடுத்து அடுத்த ஆள் தலையில வைக்கிறது."

சுடலை கையைத் தூக்கினான். "எங்கிட்டு வெரட்ட மேடம்?"

"காட்டுக்கு."

மறுபடியும் ஹால் சிரித்தது. எஸ்டேட்டில் காடு என்றால் தேயிலைதான். பங்களாக் காடு, பாலத்துக் காடு, பழைய பேக்டரிக் காடு. கொழுந்து எடுக்கக் கிளம்புகிறவள் காட்டுக்குப் போகிறேன் என்றுதான் சொல்லுவாள். மரமும் ஈட்டை மூங்கிலும் ஆனைக்கு இரையுமாக இருக்கிற நிசக் காடு எங்கே இருக்கிறது? மேலே தேயிலை, கீழே ஏலக்காய்த் தோட்டம், ஒரு பக்கம் அணைத் தண்ணீர், இன்னொரு பக்கம் ரிசார்ட்காரன் போட்ட கரண்டு வேலி. ஜிஜி போர்டைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். "அது எனக்கும் அறியில்லா சுடலைச் சேட்டா," என்று சொல்லிவிட்டு எல்லாரையும் வடை எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

சுடலை அதைச் சிரிப்புக்காகக் கேட்கவில்லை. அவனுடைய மேட்டு டிவிஷனிலிருந்து ஆனையை விரட்டினால் அது இறங்குவதற்கு ஒரே வழிதான். கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸ் தோப்பைத் தாண்டி, ஓடையோரமாக ஒற்றையடிப் பாதையில் இறங்கினால் நேரே நீலிப்பாறை காலனி. அந்தக் காலனியில்தான் அவன் தன் ஒரே மகள் கற்பகத்தைக் கட்டிக்கொடுத்திருக்கிறான். காலனிக்காரர்கள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்களா? தகரத்தைத் தட்டி, வெடி போட்டு, திரும்ப மேலே ஏற்றிவிடுவார்கள். மேலே இருப்பவன் கீழே விரட்ட, கீழே இருப்பவன் மேலே விரட்ட, நடுவில் கிடந்து அல்லாடுகிறது தனியாகத் திரிகிற அந்தக் கொம்பன் ஆனை. இடது காது கிழிந்து தொங்குவதால் கிழிகாதன் என்று பேர் வைத்திருந்தார்கள்.

கற்பகம் கல்யாணமாகிப் போன புதிதில் சுடலைக்குச் சோறு இறங்கவில்லை. ஆனையை விரட்டப் போகும்போதெல்லாம், பெற்ற மகள் வாசலுக்கு நானே இதை அனுப்பிவைக்கிறேனே என்று இரண்டு எட்டு வைத்து நின்றுவிடுவான். காலனியில் போனுக்கு ரேஞ்ச் கிடையாது. முன்கூட்டிச் சொல்லவும் வழியில்லை. வழியைக் கண்டுபிடித்தவன் அவன் அண்ணன் இசக்கிமுத்து.

எஸ்டேட் வேலையில் ரிட்டயர் ஆனபிறகு, மேட்டு டிவிஷன் காளியம்மன் கோயிலில் விளக்கேற்றுவதும் மைக் செட்டைப் பார்த்துக்கொள்வதும் இசக்கிமுத்துதான். கோயில் கூரையில் பள்ளத்தைப் பார்த்து ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கும். பூசை இல்லாத நேரத்தில் அதில் அம்மன் பாட்டு கேட்டால், ஆனை இறங்குகிறது என்று காலனிக்கு அர்த்தம். பிள்ளைகளை உள்ளே இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்துவார்கள். ஏலத்தில் நிற்பவர்கள் ஷெட்டுக்குள் போய்விடுவார்கள். பாதையில் வருகிறவர்கள் ஓடைக்கரைப் பாறை மேல் ஏறிக்கொள்வார்கள். பாட்டு முடிந்து, ஒரு பீடி குடித்து முடித்த பிறகுதான் சுடலை ஆனைப் பக்கமே போவான். அந்த ஏற்பாடு வந்தபிறகு காலனியில் ஒரு கோழிக்குஞ்சுகூட நசுங்கவில்லை.

இசக்கிமுத்துவுக்குப் பிள்ளை இல்லை. தாயில்லாப் பிள்ளை கற்பகம் தவழ்ந்தது, நடந்தது, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று கதவுக்குப் பின்னால் ஒளிந்தது எல்லாம் பெரியப்பா வீட்டில்தான். குழாயில் பாட்டைப் போட்டுவிட்டு, "எம் பிள்ள காதுல விழுந்துருக்கும்லா?" என்று தம்பியைக் கேட்பான். ஆனை எக்கேடு கெட்டால் அவனுக்கு என்ன, கற்பகம் காதில் விழுந்தால் போதும்.

அப்பேர்ப்பட்ட மனுசன் ஐப்பசி மழையில் ஒரு நாள் விடியக்காலை, வெந்நீர் வைக்கப் போன இடத்தில் அடுப்படியிலேயே சாய்ந்துவிட்டான். அவன் பெண்டாட்டி சாந்தம்மாள் போட்ட சத்தத்தில் லயத்து வரிசை வீடு மொத்தமும் எழுந்து ஓடிவந்தது. சுடலை வந்து நெஞ்சில் கை வைத்துப் பார்த்தபோது சூடு மட்டும்தான் மிச்சம் இருந்தது.

அழுகையை அடக்கிக்கொண்டு சுடலை செய்த முதல் காரியம் மருமகனுக்குப் போன் அடித்ததுதான். விடியக்காலைச் சூரியனைப் பார்க்க டூரிஸ்ட்டுகள் ஏறுகிற நேரம், அருண்பாண்டி ஜீப் ஸ்டாண்டில் இருந்தான். விஷயத்தைக் கேட்டவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு காலனிக்குப் போய், கற்பகத்திடம் சொல்லிவிட்டு, ஸ்டாண்டுக்கு வந்து மாமனாரைத் திரும்பக் கூப்பிட்டான்.

"அழுது பெரளுதா மாமா. முன்பணம் குடுத்த டூரிஸ்ட்டு காத்துக்கிட்டு நிக்காங்க, நான் இந்த ட்ரிப்ப மட்டும் எறக்கிட்டு வந்து ரோட்டு வழியா கூட்டிட்டு வந்துருதேன். ஒத்தையில பாதை வழியா ஏறக் கூடாதுன்னு கண்டிச்சுச் சொல்லிட்டேன்."

"நல்லது மாப்ள. அவ வந்து மொகம் பாக்காம எடுக்க மாட்டோம்னு சொல்லு."

மருமகன் திரும்பக் காலனிக்குப் போனால்தான் அது கற்பகம் காதுக்குப் போகும் என்பது தோன்றாமல், சொல்லியாகிவிட்டது என்று சுடலைக்கு ஒரு நிம்மதி. மற்ற காரியங்களைப் பார்க்கத் தொடங்கினான்.

எஸ்டேட்டில் சாவுக்குக்கூட அரை நாள்தான் லீவு. கொட்டுக்காரர்கள் காலையிலேயே வந்து, தீ மூட்டித் தோலைக் காய்ச்சி, லேசாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள். குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க நீர்மாலைக்குப் போய்வந்தார்கள். குளிப்பாட்டும்போது இசக்கிமுத்துவின் அரைஞாண் கயிற்றில் கிடந்த கோயில் சாவியை அவிழ்த்து, தூரத்தில் நின்ற சண்முகையா மேஸ்திரியின் துண்டில் போட்டார்கள். கோயில் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். நடையைப் பூட்டிவிட்டு வந்து, தீட்டுப் படாமல் முருங்கை மரத்தடியில் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

உச்சிப்பொழுது சாயும்போது, குழி வெட்டப் போனவர்கள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்கள்.

"கிழிகாதன் நிக்கான்," என்றார்கள். "குழிய வெட்டி முடிச்சுட்டுத் திரும்புதோம், கிராண்டிசுக்குள்ள ரோட்டு மேலயே நிக்கான். நாங்க தேயிலைக்குள்ள விழுந்து எந்திரிச்சு வாரோம்."

இடுகாட்டுக்குப் போக வேறு ரோடு இல்லை. மேற்கே மூட்டம் கட்டிவிட்டது. மஞ்சு இறங்கினால் எதிரே நிற்கிற ஆளே தெரியாது, அப்புறம் ஆனையாவது ஒன்றாவது. மறுநாள் வரை பிணத்தைப் போட்டு வைக்க ஐஸ் பெட்டிக்கு மலைக்குக் கீழே சொல்ல வேண்டும். கூட்டம் முழுக்கச் சுடலையைப் பார்த்தது. ஆனை என்றால் அவன் வேலைதானே.

சுடலை முருங்கை மரத்தடிக்குப் போனான். "மேஸ்திரியண்ணே, கொழா போடணும். சாவி வேணும்."

"என்னல பேசுத? ஊருக்குள்ள பொணம் கெடக்கு. நடை சாத்தியாச்சு."

"ஒரு பாட்டு. ஒரே ஒரு பாட்டுண்ணே."

"நீ பங்காளி. கருமாதி முடியுற வரைக்கும் அந்தப் படிய மிதிக்கப்படாது. ஒனக்கு நான் சொல்லணுமா?"

"நான் மிதிக்கல. வேற யாராவது போயி சுவிச்ச மட்டும் தட்டட்டும்."

"யாரு போவா? கேளு பாப்போம். எல்லாரும் எழவு வீட்டுத் தண்ணிய தொட்டவன். நான் போயிப் போட்டேன்னு வையி, பொண வாடையில அம்மன் பாட்டுப் போட்டவன்னு நாளைக்கு ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் எம்மேலதான் விழும்."

யாரும் போகிறேன் என்று சொல்லவில்லை. இதெல்லாம் என்ன மூடத்தனம் என்று வெளியூர்க்காரன் ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகலாம். அவனுக்கென்ன, சாயங்கால பஸ்ஸில் ஏறிவிடுவான். சுடலையால் அப்படி நினைக்க முடியவில்லை. மேஸ்திரி சொல்வது நியாயம் என்றேதான் பட்டது, அதுதான் கொடுமை. தன் கையால் விளக்கேற்றிய அண்ணன் செத்துக் கிடக்கும்போது, அவன் கும்பிட்ட சாமிக்குத் தீட்டு வைக்க அவனுக்கே மனசு வரவில்லை. வாய் திறந்து இன்னொரு தடவை கேட்டிருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம், பூட்டை உடைத்திருக்கலாம். பேசாமல் திரும்பிவிட்டான்.

அப்போதுதான் கொட்டுக்காரர் மாடசாமி எழுந்து வந்தார். "கொழா இல்லன்னா என்ன, கொட்டு இருக்குல்லா? மொத்தச் செட்டும் சேந்து ஒரு அடி அடிச்சம்னா அவன் மலை தாண்டிருவான். கீழ உள்ளவங்களுக்கும் கேக்கும்."

கேட்கும் என்பது வாஸ்தவம்தான். சுடலை யோசித்தான். காலனியில் இந்நேரத்துக்குப் பாதையில் யார் வரப்போகிறார்கள்? மழை இருட்டில் ஏலத்துக்காரர்கள் ஷெட்டில்தான் இருப்பார்கள். கற்பகம் வீட்டில் உட்கார்ந்து ஜீப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மழைச் சேற்றில் இழுத்துக்கொண்டே போகிற ட்ரிப்பை இறக்கிவிட்டு மாப்பிள்ளை வந்தால், அவளை ரோட்டைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவான். இந்த ஒன்றை மனசு கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே சரியென்று வந்து நின்றது.

கிராண்டிஸ் தோப்பில் கிழிகாதன் ரோட்டுக்குக் குறுக்கே நின்று, உரிந்த பட்டையைக் காலில் வைத்து மிதித்துக்கொண்டிருந்தான். நல்ல நாளாக இருந்தால் சுடலை தூரத்திலேயே நின்று, போப்பா, போய்ச் சேரு, என்று பேசிப் பேசியே நகர்த்துவான். அன்றைக்கு நேரே கொட்டுக்காரர்களைப் பார்த்து கையை அசைத்தான். கொட்டு மொத்தமும் ஒரே நேரத்தில் விழுந்தது. காலையிலிருந்து தட்டிய தட்டெல்லாம் விளையாட்டு என்கிற மாதிரி அப்படி ஓர் அடி. எதிர்மலையில் மோதி அது திரும்ப வந்தது. பாடைத் தேருக்கு முன்னால் போடுவதற்காக வாங்கிவைத்த வெடியையும் கொளுத்தி எறிந்தார்கள்.

கிழிகாதன் தும்பிக்கையைச் சுருட்டினான். ஒரு பிளிறு பிளிறிவிட்டு, மரத்தை உரசிக்கொண்டு திரும்பி, ஓடைச் சரிவில் இறங்கினான். நடந்து இறங்கவில்லை, ஓடி இறங்கினான். சரிவில் கல் உருள்கிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு கொட்டுச் சத்தம்தான்.

"ஆம்பளைடா சுடலை," என்று யாரோ முதுகில் தட்டினார்கள். எப்போதும் செய்கிற வழக்கப்படி அவன் ஜிஜி மேடத்துக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் போட்டான். மேட்டு டிவிஷன்ல டிரைவ் முடிஞ்சது மேடம், ஓடை வழியா எறங்கிட்டான். உடனே பதில் வந்தது. வழியில் ஆள் இல்லைன்னு ஒறப்பாக்கினோ?

"கீழ யாரும் இல்ல மேடம்," என்று சொல்லி அனுப்பிவிட்டு, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அண்ணனைத் தூக்கப் போனான்.

கற்பகம் இன்னும் வரவில்லையே என்று சாந்தம்மாள் தேர்க் கால்களைப் பிடித்துக்கொண்டாள். பெண்கள் அவளைப் பிரித்தெடுத்தார்கள். "ஆனை திரும்பி ஏறுறதுக்குள்ள ரோட்டத் தாண்டிருவோம் மதினி," என்றான் சுடலை. "மொகத்த மூடாம வச்சிருக்கேன். ஜீப்பு அந்த வழியாத்தான வரும், அங்கயே எறங்கிப் பாத்துக்கிடட்டும். பொம்பளப் பிள்ள இடுகாட்டுக்கு வரலாமான்னு எவனும் கேக்கட்டும், நான் பேசிக்கிடுதேன்."

இடுகாட்டில் குழிமேட்டில் தேரை இறக்கிவைத்தார்கள். தூறல் போட்டது. இசக்கிமுத்துவின் முகத்தில் படாமல் சுடலை குடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆட்கள் பீடியைப் பற்றவைத்தார்கள், ரோட்டைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள். கொட்டுக்காரர்கள் தோல் நனையாமல் துணியைப் போட்டு மூடிக்கொண்டு ஒதுங்கினார்கள். இன்னும் எவ்வளவு நேரம் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவள் செத்தவனுக்கு மகள் மாதிரி என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஜீப் சத்தம் கேட்டது. வளைவில் திரும்பி வந்து நின்றது. அருண்பாண்டி மட்டும் இறங்கினான். மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, பெரிய மாமனார் நெஞ்சில் வைத்து, கால்மாட்டில் விழுந்து கும்பிட்டான். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"கற்பகம் லயத்துல இருக்காளா மாமா?"

சுடலைக்கு முதலில் புரியவில்லை. "ஒங்கூடத்தான மாப்ள வாரா?"

"இல்லயே. அவ முன்னாலயே வந்துட்டாளே."

"எப்படி வந்தா?"

"பாதை வழியா. பக்கத்து வீட்டு முத்துலெச்சுமியக்கா சொன்னாவ. கோடிச் சேலையப் பையில வச்சுக்கிட்டு வாசல்லயே உக்காந்து என்னப் பாத்துக்கிட்டுத்தான் இருந்துருக்கா. மேல திடீர்னு கொட்டு பெருசாக் கேட்டுச்சாம், வெடியும் போட்டாங்களாம். தூக்கிட்டாங்கக்கா, எம் பெரியப்பா மொகத்தப் பாக்காமப் போயிருவேனேன்னு சொல்லிட்டு ஓடியிருக்கா. அக்கா கூப்புடக் கூப்புட நிக்கலயாம்."

குடை சுடலையின் கையிலிருந்து சாய்ந்தது. அவன் கையை அசைத்ததற்குத்தான் அந்தக் கொட்டு விழுந்தது. மேலே அதைக் கேட்டு ஆனை ஓடியிருக்கிறது. கீழே அதைக் கேட்டு மகள் ஓடிவந்திருக்கிறாள். ஒரே பாதை.  செருப்பை எங்கே விட்டான் என்று தெரியாது, தேயிலைக்குள் பாய்ந்து கிராண்டிஸ் தோப்பைப் பார்த்து ஓடினான். என்ன மாமா, என்ன மாமா என்று கேட்டுக்கொண்டே பின்னால் ஓடிவந்த அருண்பாண்டி, தோப்புக்குள் வெடித் தாள் சிதறிக் கிடந்ததைப் பார்த்ததும் கேட்பதை நிறுத்திவிட்டான்.

கடவுளே, எங்கேயாவது ஒதுங்கியிருக்கட்டும். சுடலை அதையேதான் வேண்டிக்கொண்டு சரிவில் இறங்கினான். புத்திசாலிப் பிள்ளை. ஆனையைப் பார்த்து வளர்ந்தவள். மரத்தின் பின்னால் நின்றிருப்பாள், பாறையில் ஏறியிருப்பாள், மேலே உட்கார்ந்துகொண்டு நடுங்கிக்கொண்டிருப்பாள். என்னைக் கண்டதும், ஏன்ப்பா கொழா போடல என்று கத்துவாள். கத்தட்டும். ஒரு அறை வேண்டுமானாலும் அறையட்டும்.

ஓடைக்கரைப் பாறைக்குப் பக்கத்தில் காலனிக்காரர்கள் ஏற்கெனவே கூடியிருந்தார்கள். அவர்கள் நின்ற விதத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. யாரும் ஓடவில்லை, யாரும் கத்தவில்லை. கூட்டம் விலகி அருண்பாண்டிக்கு வழிவிட்டது. பாறைக்கு ஒரு கை தூரத்தில் கற்பகம் கிடந்தாள். எட்டிப் பிடித்திருந்தால் ஏறியிருக்கலாம். கொட்டுச் சத்தத்தில் கல் உருண்டதுகூட அவள் காதில் விழுந்திருக்காது. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. முகத்துக்குக் கீழே பார்க்க முடியாமல் யாரோ தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள்.

அருண்பாண்டி அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, ஏ பிள்ள, ஏ கற்பகம், என்று தூங்குகிறவளை எழுப்புகிற மாதிரி கூப்பிட்டான். சுடலை மண்ணில் உட்கார்ந்து, கையால் தவழ்ந்து அவளிடம் போகப் பார்த்தான். பக்கத்து வீட்டு முத்துலெட்சுமி குறுக்கே வந்து நின்றாள். ஐம்பது வயசுக்காரி, ஏலக்காய்க் கறை பிடித்த கைகள். அவள் அழுதுகொண்டிருந்தாள், ஆனால் குரல் மட்டும் அடங்கித்தான் வந்தது.

"கொழா பாடலயே அண்ணாச்சி. ஏன் பாடல?"

 தீட்டு என்று சொல்ல வேண்டும். பிணம் ஊருக்குள் கிடந்தது, நடை சாத்தியிருந்தது என்று சொல்ல வேண்டும். நாலு பேரைக் கூட்டிவைத்துச் சொன்னால் நாலு பேரும் தலையாட்டுவார்கள், அவ்வளவு சரியான காரணம். கற்பகத்தின் முகத்துக்கு முன்னால் வைத்து அதைச் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை.

"நீங்க வெரட்டுனா நாங்க கதவச் சாத்திக்கிடுவோம்," என்றாள் அவள். "எங்களுக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான். மேல சாவு, அதுக்குக் கொட்டு அடிக்காங்கன்னு பிள்ளைங்கள வெளியவே விட்டுட்டு இருந்துட்டோம்."

காலனியின் ஜீப் பாதை வரைக்கும் தார்ப்பாயோடு தூக்கிப்போனார்கள். யாருடைய வண்டியோ வந்தது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், போலீஸ் வர வேண்டும், வனத்துறை வர வேண்டும். சுடலை வண்டிக் கதவைப் பிடித்து ஏறப்போனான். அருண்பாண்டி உள்ளேயிருந்து அவன் கையை எடுத்துவிட்டான். முரட்டுத்தனமாக இல்லை, ஒரு பாத்திரத்தை எடுத்து ஓரமாக வைக்கிற மாதிரிதான்.

"நீங்க வர வேண்டாம் மாமா."

"எம் பிள்ளப்பா."

"வேண்டாம். பெரிய மாமாவக் குழிமேட்டுல மழையில போட்டுட்டு வந்துருக்கீங்க. போயி அவர மூடுங்க."

வண்டி போய்விட்டது. காலனிக்காரர்களில் யாரும் அவனை ஒரு வார்த்தை வையவில்லை. வைதிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும். ஆளாளுக்குத் தங்கள் வாசலுக்குப் போய்ப் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டார்கள். அவன் அங்கேயே நின்றுகொண்டிருப்பது யாருக்கும் பிடிக்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது. திரும்பி அதே பாதையில் ஏறினான். பாறைக்குப் பக்கம் வரும்போது கண்ணை மூடிக்கொண்டான். மூடினாலும் கால் அந்த இடத்தை அறிந்தது, சேறு குழைந்து ஆழமாக இருந்தது.

சரிவு ஏறியதும் ரேஞ்ச் வந்து, சட்டைப் பையில் போன் அடித்தது. ஜிஜி மேடம். விஷயம் போயிருக்கும். அவன் எடுக்கவில்லை. நின்று மறுபடி அடித்தது. எடுத்து என்ன சொல்வது? நீங்கள் கேட்டீர்கள், நான்தான் யாரும் இல்லை என்று சொன்னேன் என்றா? அவள் நல்ல பெண், அழுதாலும் அழுவாள். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டு நடந்தான்.

இடுகாட்டில் அவனுக்காகக் காத்திருந்தவர்கள் முகம் செத்துப்போய் நின்றார்கள். காலனிப் பக்கம் போன ஒருத்தன் திரும்பி வந்து அவர்களுக்குச் சொல்லியிருந்தான். சண்முகையா மேஸ்திரி தூரத்தில் ரோட்டோரமாகத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குந்தியிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. சுடலை யாரையும் பார்க்காமல் குழிமேட்டுக்குப் போய், அண்ணன் முகத்தைத் துணியால் மூடினான். எல்லாருமாக இறக்கினார்கள். அவன் மூன்று கை மண் போட்டான். தண்ணீர் ஊறிய மண், கட்டி கட்டியாக விழுந்தது.

லயத்துக்குத் திரும்பும்போது வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. கூட வந்தவர்கள் ஓடையில் முழுகப் போனார்கள். சுடலை முழுகாமல் நேராக வந்தான். இடுகாட்டில் இருந்தவர்கள் யாரும் இன்னும் லயத்துக்கு வரவில்லை, பெண்களுக்கு ஒன்றும் தெரியாது. வீட்டைக் கழுவிவிட்டு, வாசலில் பந்தலுக்குக் கீழே கூடியிருந்தார்கள். நடுவில் சாந்தம்மாள் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது குரல் போயிருந்தது.

அவனைப் பார்த்ததும் கொஞ்சம் நிமிர்ந்தாள். "கற்பகம் வந்தாளா? அவரு மொகத்தப் பாத்துட்டாளா?"

சுடலை அவளுக்கு முன்னால் ஈரத்தில் உட்கார்ந்தான். ரெண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டான்.

"மதினி, அவ வந்த பாதையிலதான் நான் அத வெரட்டிவிட்டேன்."

சாந்தம்மாளுக்கு அது சட்டென்று ஏறவில்லை. கற்பகம் பின்னால் வந்துகொண்டிருக்கிறாளா என்று அவன் தோளுக்கு மேலாக எட்டி ரோட்டைப் பார்த்தாள்.